கூதிர்காலத்தில் வீடு: சென்னையில் ஐப்பசி, கார்த்திகையை நிதானமாக வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பத்து மணிக்கே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மின்விசிறி ஒன்றாம் எண்ணில் சுற்றுகிறது. அதையும் நிறுத்திவிடலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. சென்னைக்காரர்களுக்கு இந்த யோசனை வருவது ஆண்டில் சில வாரங்கள்தான். அந்த வாரங்களை எப்படி வீணாக்காமல் இருப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். அந்தக் காலத்தைப் பாடும் சங்கப் பாட்டு ஒன்றில், யாரும் தொடாமல் முளையில் தொங்கும் விசிறிகளில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போவதில்லை. நவம்பர் இரவுகளில் வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கினாலே பக்கத்து வீட்டு மாமி மங்கிக் குல்லா அணிந்துவிடுவார். பனி நாடுகளின் வாழ்க்கை முறையைப் படித்துவிட்டு, கம்பளிப் போர்வையும் வாசனை மெழுகுவத்தியும் வாங்கி, இரண்டே நாளில் வேர்த்துக் கொட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றியவன் நான். கணப்பு மூட்டிச் சுற்றி உட்காரும் சுகம் நமக்கு வாய்க்காது. நமக்கு வாய்த்த எதிரி ஈரம். ஆகவே சென்னையில் கூதிர்காலச் சுகம் என்பது உலர்ந்திருப்பது: வெளியே ஊரே நனைந்துகொண்டிருக்க, உள்ளே தரை, துணி, உப்பு, தீப்பெட்டி எல்லாம் உலர்ந்திருப்பது. அது அமைந்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

முதல் படி: தண்ணீருக்கு வழி விடுங்கள்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்த கையோடு மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் கையை விட்டுப் பாருங்கள். வேப்பஞ்சருகு, காகம் கொண்டுவந்து போட்ட எலும்பு, பட்டம் விட்ட நூல் என்று எல்லாம் இருக்கும். ஒரு வருடம் எங்கள் குழாயில் ஒரு டென்னிஸ் பந்து இருந்தது. அது அங்கே இருப்பது எங்களுக்குத் தெரிந்தது, இரவு இரண்டு மணிக்குப் படுக்கைக்கு நேர் மேலே கூரை சொட்டத் தொடங்கிய பிறகுதான்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் பெரும்பாலான கட்டடங்களில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழி ஒன்று இருக்கும். அதை மூடியைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. மேல் அடுக்குக் கல்லை எடுத்துக் கழுவி மறுபடி போடுங்கள். முதல் ஒன்றிரண்டு மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு குழிக்குத் திருப்புங்கள்.

மரக்கதவுகள் இந்த மாதங்களில் உப்பிக்கொண்டு நிலையில் சிக்கும். உடனே ஆசாரியை அழைத்து இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். இப்போது இழைத்தால் பங்குனி வெயிலில் மரம் சுருங்கி, விரல் நுழையும் இடுக்கு விழும். சிக்கும் விளிம்பில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்தால் போதும், இரண்டு மாதம் ஓடிவிடும்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்னால், கீழே தண்ணீர் சேரும் தட்டு ஒன்று இருக்கிறது. பூந்தொட்டிக்கும் தண்ணீர் டிரம்முக்கும் மூடி தேடுபவர்கள் இந்தத் தட்டை மறந்துவிடுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, அந்தத் தட்டைக் கொட்டித் துடையுங்கள்.

இரண்டாம் படி: துணி

மழைக்காலத்தில் ஒரு வீட்டின் மனநிலையைக் கெடுப்பது கொடியில் மூன்று நாளாகத் தொங்கும் துணிதான். உள்ளே நுழைந்தவுடன் வரும் அந்தப் புளித்த நாற்றத்துக்கு முன்னால் எந்தச் சுகமும் நிற்காது.

சென்னை மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. கடலிலிருந்து வரும் மேகங்கள் பெரும்பாலும் நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் கொட்டிவிட்டு, முற்பகலில் வழி விடும். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை கிடைக்கும் அந்த வெளுத்த வெயிலை நம்பித்தான் சலவை அமைய வேண்டும். துணியை இரவே துவைத்து, இயந்திரத்தில் இருமுறை பிழியவிட்டு, உள்ளே மின்விசிறிக்கு அடியில் பாதி காயவையுங்கள், முற்பகலில் வெளியே. ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் ஒரு கை அகலம் இடைவெளி வேண்டும். நெருக்கிப் போட்ட பத்துத் துணியைவிட விலக்கிப் போட்ட ஆறு துணி சீக்கிரம் காயும்.

கனமான துவாலைகளை நவம்பரில் உள்ளே வைத்துவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறுங்கள். பாட்டன் காலத்து வழக்கம்தான். ஆனால் விசிறிக் காற்றிலேயே ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிற துண்டு வேறு எது? ஜீன்ஸ், போர்வை போன்றவற்றை வெயில் அடிக்கும் நாளுக்கென்று தள்ளி வையுங்கள். நாற்றம் பிடித்துவிட்ட துணியைக் கடைசி அலசலில் அரைக் கிண்ணம் வினிகர் கலந்த நீரில் முக்கி எடுத்தால் நாற்றம் போகும்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி வையுங்கள். புத்தக அலமாரியையும்தான், இராமபாணப் பூச்சிக்கு ஈரச் சுவர் என்றால் விருந்து.

மூன்றாம் படி: அடுக்களை டப்பாக்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உப்பு ஜாடியில் ஒரு பிடி பச்சரிசி. தீப்பெட்டியை மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். மின்சாரம் போன இரவில் நமத்த தீக்குச்சியோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அரிசியில் நாலு காய்ந்த மிளகாய், ரவையை வறுத்து வைத்தல், அப்பளக் கட்டைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தல். காபிப் பொடியை நூறு நூறு கிராமாக மட்டும் வாங்குங்கள். அரைக் கிலோ வாங்கினால் பத்தாம் நாள் மணமே இல்லாத தூளைத்தான் வடிகட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. கொட்டும் மழையில் கைபேசியைத் தட்டிச் சாப்பாடு வரவழைப்பதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம். முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்த பஜ்ஜி தொண்டையில் இறங்கவில்லை. அவல், ரவை, சேமியா, இரண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைக்காய் வீட்டில் இருந்தால் அந்தத் தேவையே வராது.

நான்காம் படி: மழையை அளக்கும் டப்பா

இந்த வழிகாட்டியில் என் சொந்தப் பெருமை இதுதான். அடியும் வாயும் ஒரே அகலம் உள்ள, நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் டின் போதும். கழுத்து குறுகிய பாட்டில் உதவாது. மொட்டைமாடியில் சுவரும் தொட்டியும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி சுற்றிச் செங்கல் அடுக்கி வையுங்கள். தினமும் காலை 8:30 மணிக்குப் போய்ப் பள்ளிக்கூட அளவுகோலை உள்ளே விட்டு, எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். அவ்வளவுதான், வாய் அகலம் எவ்வளவாக இருந்தாலும் உயரம் ஒன்றுதான். பல அளவுகோல்களில் பூஜ்யம் நுனியிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும். அந்த இடைவெளியைக் கூட்டிக்கொள்ள மறந்து ஒரு மாதம் முழுக்கக் குறைத்தே எழுதியிருந்தேன்.

ஏன் 8:30? வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தோடு முடியும் 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாளாகக் கணக்கிடுகிறது. செய்தியில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை, மீனம்பாக்கத்தில் இத்தனை' என்று வரும்போது உங்கள் மாடியின் எண்ணை அதோடு ஒப்பிடலாம். நாங்கள் இருப்பது மந்தைவெளி. நுங்கம்பாக்கத்தில் 40 மில்லிமீட்டர் என்ற காலையில் எங்கள் டப்பாவில் 11 மட்டும் நின்றதுண்டு. அன்று முழுக்க அம்மா நுங்கம்பாக்கத்தின் மேல் கோபமாக இருந்தார்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு நிறையச் செய்யலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தால் 930 லிட்டர். நூறு மில்லிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். சித்திரையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த 9,000 லிட்டர் லாரி ஒன்று நம் தலைக்கு மேலேயே வந்து நின்று கொட்டிவிட்டுப் போகிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் வருகிறது. டப்பா வைத்த முதல் வருடத்திலேயே எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டுக்காரர்கள் மழைநீர்க் குழியைத் தூர் வார ஒத்துக்கொண்டார்கள். அதுவரை குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பேசி நடக்காதது அது.

இடையே ஒரு குறுக்கீடு: எப்போது இதையெல்லாம் மூடி வைக்க வேண்டும்

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் சுக்குக் காபியோடு சன்னலில் உட்காரும் ஆசையை ஒத்திப்போட்டுவிட்டு, கைபேசியையும் அவசர விளக்கையும் மின்னேற்றி, குடிதண்ணீர் பிடித்து வைத்து, பத்திரங்களை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். சிவப்பு என்றால் தரைத்தளத்தில் இருக்கும் உறவினரையும் நண்பரையும் அழைத்துப் பேசுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. அது 22-ஐ நெருங்கும் நாட்களில் அடையாற்றங்கரையில் யாரும் மழையை ரசிப்பதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழையின் அழகைப் பேசுவது இரண்டாம் மாடியில் இருப்பவனுக்கு எளிது என்பது எனக்கும் தெரியும்.

ஐந்தாம் படி: வெளிச்சத்தைக் குறையுங்கள்

நவம்பரில் சென்னையில் சூரியன் மாலை 5:40-ஐ ஒட்டி மறைந்துவிடுகிறது. மேகமூட்டம் இருந்தால் ஐந்துக்கே இருட்டு. உடனே குழல்விளக்கைப் போட்டால் கூடம் ரயில் நிலையக் காத்திருப்பு அறை போல் ஆகிவிடும். பல்பு அட்டையில் 6500 கே என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை; 2700 கே என்றிருந்தால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். ஒரே ஒரு மஞ்சள் பல்பை, கூரையில் மாட்டாமல், இடுப்பு உயரத்தில் ஒரு மேசை மேல் வையுங்கள். செலவு இருநூறு ரூபாய்க்குள்தான். இந்தப் பருவத்துக்காக நான் வாங்கியவற்றில் உருப்படியானது இது ஒன்றே.

விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் வந்த லட்சுமி அந்தப் பக்கமாகப் போய்விடுவாள் என்பார்கள். கொசு அந்தப் பக்கமாக வரும் என்பதற்காகவும் சாத்தலாம்.

நல்ல மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். அன்றைக்கு மட்டும் உள்ளே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பால்கனியில் ஒரு விளக்கை எரியவிட்டு, அதற்கடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பேசுவதைவிட வேறென்ன வேலை?

ஆறாம் படி: அடுப்பு

மழை என்றவுடன் பஜ்ஜி என்று ஓடுகிறோம். தப்பில்லை, வாழைக்காய் பஜ்ஜியை நான் மறுத்ததே கிடையாது. ஆனால் தினம் எண்ணெய்ச் சட்டி வைத்தால் நான்காம் நாள் வயிறு மந்தித்துவிடும். கூதிர்காலத்தின் உண்மையான உணவு மிளகும் சுக்கும்தான்.

முதலில் சுக்கு மல்லிப் பொடி. தனியா 100 கிராம் எடுத்து வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுங்கள். 50 கிராம் சுக்கை உரலில் இடித்துச் சிறு துண்டாக்குங்கள். நேரே மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடும். ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஆறு ஏலக்காய் சேர்த்து எல்லாவற்றையும் அரைத்துச் சலித்து வையுங்கள். ஒருவருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி பொடி. சிறு தீயில் ஒரு டம்ளராக வற்ற வேண்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், மணல் இருக்கும். பால் வேண்டாம். பால் வேண்டும் என்று அடம்பிடித்துக் கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். ஊற்றித் திரிந்தவன் சொல்கிறேன்.

அடுத்தது மழைநாள் மதியச் சாப்பாடு: பருப்புத் துவையல், மிளகு ரசம், சுட்ட அப்பளம். அரைக் கிண்ணம் துவரம்பருப்பை இரண்டு மிளகாய் வற்றல், அரைத் தேக்கரண்டி மிளகோடு பொன்னிறமாக வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், உப்பு, விரும்பினால் ஒரு பல் பூண்டு சேர்த்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். மைபோல் அரைத்தால் துவையல் என்று சொல்ல முடியாது. ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பும் பெருங்காயமும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். மிளகு, சீரகம், துவரம்பருப்பு ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி பொடித்துத் தண்ணீரில் கலந்து ஊற்றி, நுரை கூடி மேலே வரும் கணத்தில் அடுப்பை அணையுங்கள். அதற்குமேல் கொதித்தால் கசக்கும். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும். சாதம் குழைந்திருக்க வேண்டும், துவையலுக்கு நல்லெண்ணெய் தாராளமாக. எங்கள் வீட்டில் தூதுவளை கிடைத்த நாளில் நாலு இலையை நெய்யில் வதக்கி ரசத்தில் போடுவோம், முள்ளைக் கிள்ளிவிட்டுத்தான்.

மாலைக்கு ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ, தோலோடு வேகவைத்த வேர்க்கடலையோ. கடலை உரிக்கும் கை கைபேசியைத் தொடாது.

ஏழாம் படி: பிற்பகலைக் காலியாக விடுங்கள்

இதற்குச் செய்முறை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிறையப் பேருக்கு வரவில்லை. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்கள் என்றாலும் ஒரு மணி நேரத்தை எடுத்து வையுங்கள். பாயைச் சன்னலோரம் விரியுங்கள். பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து சோழி. பலகை இல்லையென்றால் தரையில் சாக்கட்டியால் தாயக்கட்டம் போடலாம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் பழைய மழையைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தெருவில் படகு விட்டார்கள், எந்தப் பள்ளிக்கு எத்தனை நாள் விடுமுறை என்று ஆண்டு வாரியாகச் சொல்லுவார்கள். ஆண்டு தப்பாக இருக்கும், திருத்தாதீர்கள்.

எட்டாம் படி: எண்ணெய்க் குளியல்

மழை விட்டு வெயில் வந்த காலையில் மட்டும். சளியோ காய்ச்சலோ இருந்தால் வேண்டாம். நல்லெண்ணெயில் ஐந்தாறு மிளகு போட்டுப் பொரியும் வரை காய்ச்சி, வெதுவெதுப்பாக உச்சியிலிருந்து தேயுங்கள். இருபது நிமிடம் போதும். சீயக்காய், வெந்நீர். குளியலறைத் தரை வழுக்கும். கொஞ்சம் சீயக்காய்த் தூளைத் தரையிலும் தூவிவிட்டு நில்லுங்கள். தலைமுடி உலர சாம்பிராணிப் புகை போடுவதாக இருந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள். அடைத்த அறையில் கரித்துண்டு எரிவது உயிருக்கே ஆபத்து. அன்று பகல் தூங்கக் கூடாது என்பார்கள். அந்த விதியை மட்டும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை.

ஒன்பதாம் படி: கார்த்திகை அகல்

பருவத்தின் உச்சம் திருக்கார்த்திகை. கொசப்பேட்டைக் குயவர்கள் செய்யும் அகல்கள் புரசைவாக்கம், மயிலாப்பூர் நடைபாதைகளுக்கெல்லாம் வந்துவிடும். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்டது, மொத்தென்றால் எண்ணெய் கசியும். வாங்கியதும் ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் நிழலில் உலர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் ஊற்றிய எண்ணெயில் பாதியை மண்ணே குடித்துவிடும். மழையில் சாரல் அடித்தால் விளக்கைக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்காமல் அதன் உட்புறம், தரையில் வரிசையாக வையுங்கள். அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வைத்தால் எண்ணெய்க் கறை படியாது. திரியை ஒரு விரற்கடைக்கு மேல் நீட்டாதீர்கள். மின்விளக்குகளை அணைத்துவிட்டு, நெல்பொரியையும் வெல்லப்பாகையும் உருட்டிய பொரியுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருங்கள்.

மூன்றாம் நாள் விளக்கு முடிந்ததும் அகல்களைப் பழைய செய்தித்தாளால் துடைத்து, கொதிக்கும் நீரில் சிறிது சோடா உப்புப் போட்டு ஊறவைத்துத் தேயுங்கள். நன்றாக வெயில் வந்த ஒரு நாள் காயவைத்து அதே செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைக்கலாம், அந்தக் கம்பளிப் போர்வைக்குப் பக்கத்தில். மாடியில் இருக்கும் டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். டிசம்பர் கடைசி வரை அதற்கு வேலை இருக்கிறது.